நேரம் எழுதப்படாத கட்டம்: ஒரு கைதுச் சேவையின் மதிப்புரை

உணவகத்துக்கும் மருத்துவமனைக்கும் மதிப்புரை எழுதுகிறவர்கள் காவல் நிலையத்துக்கு எழுதுவது அபூர்வம். வரைபடச் செயலியில் எங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கும் நட்சத்திரங்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றைப் போட்டவர்கள் பாஸ்போர்ட் சரிபார்ப்புக்கோ, தொலைந்த கைபேசிக்கு ரசீது வாங்கவோ போய், முன்கூடத்தோடு திரும்பியவர்கள். நான் எழுதப் போவது அந்த முன்கூடத்துக்குப் பின்னால், கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு நடக்கும் வேலையைப் பற்றி, அதாவது ஓர் ஆளைக் கைது செய்யும் வேலையைப் பற்றி. அதுவும் நம் வரிப்பணத்தில் நடக்கும் சேவைதான். அது எப்படி நடக்க வேண்டும் என்பது சட்டப் புத்தகத்தில் பிரிவு வாரியாக அச்சாகியிருக்கிறது. எனவே சொன்னபடி நடந்ததா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில் தவறில்லை. வழக்கு இன்னும் நிலுவையில் இருப்பதால் ஊரையும் நிலையத்தையும் பெயர் சொல்லாமல் விடுகிறேன். தென்மாவட்டத்துச் சிறு நகரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கைதானவன் என் தங்கை மகன். வயது 24, கைபேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை. கோயில் கொடையன்று வில்லுப்பாட்டு மேடைக்குப் பக்கத்தில் இரண்டு தெருக்காரர்களுக்கிடையே நடந்த தள்ளுமுள்ளில் அவனும் இருந்தான். எதிர்த் தெருக்காரர் ஒருவருக்கு உதட்டில் தையல் விழுந்தது. அவன் அடித்தானா இல்லையா என்பது நீதிமன்றத்தில் தீர வேண்டிய விஷயம். இந்த மதிப்புரைக்கு அது தேவையில்லை. அடித்தவனுக்கும் அடிக்காதவனுக்கும் கைதுச் சட்டம் ஒன்றுதான்.

மூன்றாம் நாள் இரவு 9.45 மணிக்குக் கதவு தட்டப்பட்டிருக்கிறது. மஃப்டியில் இருவர், சீருடையில் ஒருவர். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36ஆவது பிரிவுப்படி, கைது செய்ய வரும் காவலரின் பெயர் தெளிவாகக் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். சீருடையில் வந்தவரின் பெயர்ப்பட்டையை மழைச்சட்டை மறைத்திருந்தது; அன்று மழை இல்லை. வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால் தாம் யார், எதற்காக வந்திருக்கிறோம் என்பதைச் சொல்லி, கதவைத் திறக்கும்படி கேட்க வேண்டும் என்றும், கேட்டும் திறக்காவிட்டால்தான் உடைக்கலாம் என்றும் 44ஆவது பிரிவு கூறுகிறது. இங்கே உடைப்பதற்கு அவசியமே நேரவில்லை. "சும்மா ஒரு விசாரணைதாம்மா, பத்து நிமிஷத்துல அனுப்பி வச்சிருவோம்" என்று ஒருவர் சொல்ல, என் தங்கையே தாழ்ப்பாளை விலக்கி, சாப்பிட்டுக்கொண்டிருந்த பையனைக் கை கழுவச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் எனக்கு போன் வந்தது.

இந்த "விசாரணை" என்ற சொல்லிலேயே சேவையின் முதல் குறை இருக்கிறது. கைது செய்யப்பட்டவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது உறுப்பு. அதையே சன்ஹிதாவின் 58ஆவது பிரிவும் சொல்கிறது. கடிகாரம் ஓடத் தொடங்குவது கைதான நொடியிலிருந்து. ஆகவே கைது என்று சொல்லாதவரை கடிகாரம் ஓடாது என்பது காவல் நிலையங்களின் நடைமுறைக் கணக்கு. கைது என்று சொல்லாவிட்டால் கைது குறிப்பாணை எழுத வேண்டாம், சாட்சிக் கையெழுத்து வேண்டாம், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டாம், மருத்துவரிடம் காட்ட வேண்டாம். ஆள் மட்டும் உள்ளே இருப்பார். எழுந்து வீட்டுக்குப் போக முடியாத ஒருவரைச் சட்டம் கைதானவராகத்தான் பார்க்கும் என்பதை நடைமுறையில் யாரும் பொருட்படுத்துவதில்லை.

நான் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 10.30 ஆகியிருந்தது. வாசலில் பாராவில் நின்ற காவலர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். வரவேற்பு மேசையில் இருந்த பெண் காவலர் என் தங்கைக்குத் தண்ணீர் கொடுத்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தார். இதைக் குறிப்பிடாமல் விட்டால் நியாயமாகாது. ஆனால் பையன் எங்கே என்று கேட்டதும் முகம் மாறியது. "அய்யா ரவுண்ட்ஸ் போயிருக்காரு சார், வந்தாத்தான் தெரியும்" என்றார். பின்பக்க அறையின் கதவு சாத்தியிருந்தது. அடியில் வெளிச்சக் கோடு தெரிந்தது. தங்கை மகனின் செருப்பு அந்தக் கதவருகே கிடந்தது.

காத்திருப்போருக்கான இரும்பு நாற்காலிகளுக்கு எதிர்ச்சுவரில், கைதின்போது பின்பற்ற வேண்டிய 11 நெறிகள் கொண்ட பலகை இருந்தது. டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் வகுத்தவை அவை. பலகையில் நல்ல தமிழில்தான் எழுதியிருந்தார்கள். பலகைக்கு முன்னால் ஒரு பச்சை நிற இரும்பு பீரோ நின்றதால் முதல் ஆறு நெறிகள் மட்டுமே படிக்கக் கிடைத்தன. கைதானவரின் உடலில் உள்ள காயங்களைக் குறித்துவைப்பது, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, ஆவணங்களை நடுவருக்கு அனுப்புவது, விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க அனுமதிப்பது, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 12 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது ஆகிய ஏழாவது முதல் பதினொன்றாவது வரையிலான நெறிகள் பீரோவுக்குப் பின்னால் இருந்தன. வேண்டுமென்றே வைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பீரோவை வைக்க அந்த இடம்தான் வாகாக இருந்திருக்கும்.

கட்டுப்பாட்டு அறைக்கும் தொலைபேசியில் பேசினேன். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு நிலையத்திலும் கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றைப் பராமரிக்க உதவி ஆய்வாளர் நிலைக்கு அடுத்த கீழ்நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி பொறுப்பாக இருக்க வேண்டும், அந்த விவரங்கள் மின்னணு வழியிலும் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று 37ஆவது பிரிவு சொல்வதை நம்பித்தான் பேசினேன். "அப்படிப் பேரு லிஸ்ட்ல இல்லையே சார்" என்று பதில் வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. காகிதத்தில் கைது நடக்கவே இல்லை. பட்டியலில் பெயர் எப்படி வரும்?

இருபது ஆண்டுகளுக்கு முன்பு இப்படி ஒரு நிலை வந்தால் ஊரில் விவரம் தெரிந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "தந்தி கொடுத்தாச்சா?" என்பது. இன்ன ஆளை இத்தனை மணிக்கு இன்ன நிலையத்தார் கொண்டுபோனார்கள் என்று காவல் கண்காணிப்பாளருக்கும் நடுவருக்கும் தந்தி அடித்துவிட்டால், அதில் விழும் முத்திரையின் நேரத்தை யாரும் மாற்ற முடியாது. ஆட்கொணர்வு மனுக்களில் அந்தத் தந்தி ரசீது எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றுபோனபோது பத்திரிகைகள் எல்லாம் பிறந்தநாள் வாழ்த்தையும் மரணச் செய்தியையும் நினைத்து ஏங்கி எழுதின. இந்தப் பயனை நினைத்துப் பார்த்தவர்கள் குறைவு. அன்றிரவு நான் செய்தது அதன் இன்றைய வடிவம்தான். 11.20 மணிக்கு மாவட்டக் கண்காணிப்பாளர் அலுவலக மின்னஞ்சலுக்கு நான்கு வரி எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை, வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. அனுப்பிய நேரம் பதிவாக வேண்டும், அவ்வளவுதான்.

சாத்தான்குளம் காவல் மரணங்கள் நடந்த பிறகு இத்தகைய இரவை வெறும் காத்திருப்பாகக் கழிக்க யாராலும் முடியாது. 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்துவைத்ததாகச் சொல்லிக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் சில நாட்களில் அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்கள் தரையில் உருண்டதால் காயம் ஏற்பட்டதாக முதல் தகவல் அறிக்கையில் எழுதியிருந்தது. கடைக்கு வெளியே இருந்த கேமராப் பதிவு அந்த அறிக்கையோடு ஒத்துப்போகவில்லை. நிலையத்துக் கேமராப் பதிவுகளோ அன்றாடம் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குப் போன நடுவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு எழுதினார். கடைசியில் கதவுக்குப் பின்னால் நடந்ததைச் சொன்னது அங்கேயே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். அடுத்த ஐந்தாவது ஆண்டில் மடப்புரத்தில் இன்னொரு காவல் மரணம். கோயில் காவலாளியான ஓர் இளைஞரைத் தனிப்படையினர் நகைத் திருட்டுக்காக "விசாரித்தது" நிலையத்தில்கூட அல்ல. அவர் அடிபடுவதைக் காட்டிய காணொளி, ஒருவர் ஜன்னல் வழியாக ஒளிந்திருந்து கைபேசியில் எடுத்தது. அவர் இறந்த பிறகு அங்கீகாரமற்ற தனிப்படைகளைக் கலைக்கும்படி உத்தரவு வந்தது. இரண்டிலும் உண்மை வெளிவந்தது அரசு பொருத்திய கேமராவினால் அல்ல என்பதே அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது என் நினைவில் திரும்பத் திரும்ப வந்தது.

கேமரா பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நிலையத்தின் நுழைவாயில், லாக்கப், தாழ்வாரம், ஆய்வாளர் அறை, உதவி ஆய்வாளர் அறை, கழிப்பறைக்கு வெளிப்புறம், கட்டடத்தின் பின்பகுதி என எந்த இடமும் விடுபடாமல் ஒலியோடும் இரவுப் பார்வையோடும் கூடிய கேமராக்கள் இருக்க வேண்டும், பதிவுகளை 18 மாதம், குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கழிப்பறையையும் பட்டியலில் சேர்த்ததன் பொருத்தம் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு விளக்கம் இல்லாமலே புரியும். பிடிபட்டவர்கள் காவல் நிலையக் கழிப்பறையில் வழுக்கி விழுந்து கையில் மாவுக்கட்டோடு படத்துக்கு நிற்பதை நாம் சிரித்துக்கொண்டே பகிர்ந்திருக்கிறோம். அந்தச் சிரிப்பில் நானும் ஒருவன். நான் உட்கார்ந்திருந்த முன்கூடத்தில் ஒரு கேமரா சிவப்புப் புள்ளியோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னறைக் கதவு திறந்த இரண்டு முறையும் எட்டிப் பார்த்தேன். என் கண்ணுக்குட்பட்ட மூலைகளில் எதுவும் இல்லை.

மறுநாள் காலை 10.40 மணிக்கு ரைட்டர் என் தங்கையைக் கூப்பிட்டார். கைது குறிப்பாணை தயாராக இருந்தது. குடும்ப உறுப்பினரோ அப்பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அந்த விதியை அவர்கள் மதித்தார்கள். பெயர், தகப்பனார் பெயர், முகவரி, குற்ற எண், பிரிவுகள் எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில் நிரப்பப்பட்டிருந்தன. கைது செய்யப்பட்ட நேரம் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. தங்கை பேனாவை வைத்துவிட்டாள்.

"நேரத்தை எழுதிட்டுக் குடுங்க ஏட்டையா, கையெழுத்துப் போடச் சொல்றேன்" என்றேன்.

"அதை அய்யா வந்துதான் சொல்லணும் சார்" என்றார் அவர், எந்தக் கபடமும் இல்லாமல்.

இந்தச் சேவையைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது. ஓர் ஆளைக் கொண்டுவந்து 13 மணி நேரம் ஆகிறது. எத்தனை மணிக்குக் கொண்டுவந்தோம் என்பதை அதிகாரி வந்துதான் சொல்ல வேண்டும். அதிகாரி வந்தார். கட்டத்தில் காலை 11.15 என்றும், இடம் என்ற கட்டத்தில் பேருந்து நிலையம் அருகில் என்றும் எழுதப்பட்டது. இணையதளத்தில் பின்னர் தரவிறக்கிய முதல் தகவல் அறிக்கையில், தகவல் கிடைத்த நேரம் அன்று காலை 8.00 மணி. அதாவது இரவு 9.45 மணிக்கு அவனைக் கூட்டிப்போனபோது வழக்கே இல்லை. 24 மணி நேரத்துக்குள் அறிக்கையை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்ற 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பு மட்டும் துல்லியமாக நிறைவேறியிருந்தது. மாலைக்குள் அது கிடைத்தது. காகித வேலையில் இவர்களைக் குறை சொல்ல முடியாது. குறை, காகிதத்துக்கு முன்னால் இருக்கிறது.

பிரிவுகள் வழக்கமானவை: ஆபாசமாகத் திட்டுதல், காயம் ஏற்படுத்துதல், கொலை மிரட்டல். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(2) என்ற மூன்று எண்களும் அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 296(பி), 115(2), 351(3) ஆகியிருக்கின்றன. தெருச் சண்டைக்கு அவற்றை அப்படியே அடுக்கும் பழக்கம் மாறவில்லை. எதுவும் ஏழாண்டுக்கு மேல் தண்டனை உள்ளதல்ல. இத்தகைய குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது கூடாது, முதலில் நேரில் வரச்சொல்லி அறிவிப்பாணை கொடுக்க வேண்டும், கைது அவசியம் என்றால் காரணத்தை எழுத வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னதுதான் இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35ஆவது பிரிவில் நிற்கிறது. தங்கை மகன் அந்தக் கடையில் மூன்றாண்டுகளாக வேலை பார்க்கிறான். அறிவிப்பாணை கொடுத்திருந்தால் முடிவெட்டிக்கொண்டு மறுநாள் காலையில் அவனே போய் நின்றிருப்பான்.

இதே சேவையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்றாலும், இலவச சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமை உண்டு. 15100 என்ற எண்ணைக் காலையில் அழைத்தேன். பதினொன்றரை மணிக்கு ஒரு பெண் வழக்கறிஞர் இருசக்கர வாகனத்தில் வந்து இறங்கினார். இலவசம் என்றால் கடனே என்றுதான் இருக்கும் என்று எண்ணியிருந்தவன் நான். அவர் பையன் என்ன செய்தான் என்று கேட்கவில்லை. "எத்தனை மணிக்குக் கூட்டிட்டுப் போனாங்க? அதைக் காட்ட உங்ககிட்ட என்ன இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. மின்னஞ்சலைக் காட்டியதும் அதை அங்கேயே தமக்கு அனுப்பச் சொன்னார். பிறகு கைதுக்கான காரணங்களை எழுத்தில் கேட்டார். கைதானவருக்குப் புரியும் மொழியில், நடுவர் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது அதைக் கொடுத்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் கூறியிருப்பதை அவர் குரல் உயர்த்தாமல் நினைவூட்டினார். ஒன்றரை மணிக்குத் தாள் வந்தது. அதில் காரணம் என்ற இடத்தில் பிரிவு எண்களே திரும்பவும் எழுதப்பட்டிருந்தன என்றாலும், தாள் வந்தது.

அரசு மருத்துவமனையில் பரிசோதனை மூன்று நிமிடம் நடந்தது. இரண்டு காவலர்கள் அருகில் நிற்க, மேசைக்கு அப்பாலிருந்தே மருத்துவர் "அடி கிடி பட்டிருக்கா?" என்று கேட்டார், அவன் இல்லை என்று தலையாட்டினான். வழக்கறிஞர் இடது காதைப் பார்க்கும்படி கேட்டுக்கொண்ட பிறகு மருத்துவர் எழுந்து வந்தார். காதுமடலுக்குப் பின்னால் வீக்கம், அது ஏற்பட்டிருக்கக்கூடிய நேரம் ஏறத்தாழ 12 மணி நேரத்துக்கு முன் என்று எழுதினார். காயத்தையும் அது ஏற்பட்ட உத்தேச நேரத்தையும் குறிக்க வேண்டும், அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்பவருக்கோ தர வேண்டும் என்று 53ஆவது பிரிவு சொல்கிறது. கேட்டால்தான் எழுதுகிறார்கள். கேட்க அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும்.

நடுவர் முன்னால் மாலை நான்கு மணிக்கு நிறுத்தினார்கள். "போலீஸ் மேல ஏதாவது புகார் இருக்கா?" என்று அவர் கேட்டபோதும் பையன் "இல்லைங்கய்யா" என்றுதான் சொன்னான்; கேள்வி முடிந்ததும் அவன் திரும்ப நிற்க வேண்டிய இடம் அந்த இரண்டு காவலர்களுக்கு நடுவில். மருத்துவர் சீட்டை வழக்கறிஞர் காட்டினார். அறிவிப்பாணை ஏன் கொடுக்கப்படவில்லை, கைது அவசியம் என்பதற்கான காரணப் பட்டியல் எங்கே என்று நடுவர் கேட்டார். பட்டியல் இருந்தது, எல்லாக் கட்டங்களிலும் ஒரே மையில் சரிக்குறி போடப்பட்டிருந்தது. ரிமாண்டுக்கு அனுப்ப மறுத்து, சொந்தப் பிணையில் விட்டார். இரவு சாப்பாட்டுக்கு அவன் வீட்டில் இருந்தான். ஆனால் உத்தரவின் முதல் வரி, "இன்று காலை 11.15 மணிக்குக் கைது செய்யப்பட்ட" என்று தொடங்குகிறது. நல்ல உத்தரவுதான், பதின்மூன்றரை மணி நேரம் அதிலும் இல்லை.

மதிப்புரை என்றால் நட்சத்திரம் வேண்டும். சட்ட உதவி வழக்கறிஞருக்கு ஐந்துக்கு நாலரை. அரைக் குறை, அந்த எண்ணை ஒரு நிலையத்தின் சுவரிலும் நான் அதுவரை கண்டதில்லை என்பதற்காக, அது அவர் பிழை அல்ல. வரவேற்பு மேசைக்கு நான்கு. முதல் தகவல் அறிக்கை இணையச் சேவைக்கும் நான்கு. பின்னறைக்கு எத்தனை போடுவது என்று தெரியவில்லை. அங்கே என்ன நடந்தது என்று கேட்டால், "ஒண்ணுமில்ல மாமா" என்கிறான்.

பத்து நாள் கழித்து அவனுடைய கைபேசியைத் திரும்ப வாங்கப் போனோம். கைப்பற்றியதற்கு ரசீது எதுவும் தந்திருக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். பச்சை பீரோ அதே இடத்தில் நின்றது. வெளியே வந்து மின்னேற்றி உயிர்ப்பித்ததும், பழுதுபார்ப்பவன் அல்லவா, அவனுக்குத்தான் தோன்றியது: இருப்பிட வரலாற்றைத் திறந்தான். வரைபடத்தில் அந்த நாளுக்குரிய நீலக்கோடு எங்கள் தெருவிலிருந்து 9.51க்குக் கிளம்பி, 10.02க்கு நிலையத்தில் போய் நின்றது. மறுநாள் 11.15க்கும் அது நிலையத்தில்தான் நின்றது, பேருந்து நிலையத்துக்குப் போகவில்லை. அந்தப் பக்கத்தை அச்செடுத்து, கைது குறிப்பாணை நகலோடு சேர்த்து வழக்கறிஞரிடம் கொடுத்திருக்கிறோம்.